ஐந்நூறு போனது, நானூற்று அறுபத்தைந்து வந்தது

எங்கள் பழைய கம்பெனியின் கேட் பாஸில் ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் வகையறாவுக்கு மட்டும் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்றின் மேல் ‘பெட்டி அளவு’ என்று இருக்கும். இன்னொன்றின் மேல் ‘நம்ம அளவு’. டிசைன் அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய வேடிக்கையாம். டிசைன்கள் எல்லாம் இணையத்தில் ஏறிப் போய்விட்ட காலத்தில் இந்தக் கட்டங்கள் எதற்கு, எடுத்துவிடலாமா என்று போன மாதம் ஒரு பெண் எனக்குப் போன் போட்டே கேட்டாள். எடுத்துவிடாதே அம்மா என்று சொல்லிவிட்டு, ஏன் என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியில் அவளுக்கு வேறு போன் வந்துவிட்டது. எனக்கோ ஆரம்பித்ததை முடிக்காமல் இருக்கப் பிடிக்காது. ஆகவே எழுதுகிறேன்.

நான் குண்டடம் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரன். மழை ஏமாற்றிய ஒரு வருடம் திருப்பூருக்குப் பஸ் ஏறினேன். முதலில் தையல் மெஷின்களுக்கு உதவியாள், பிறகு எம்பிராய்டரி மெஷின் ஆபரேட்டர், பிறகு கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன், கடைசியில் டிசைன் அறைக்கே பொறுப்பாளன். இந்தப் படிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லோரும் ஏறிய படிகள்தான்.

ஆனால் எம்பிராய்டரி மெஷினை முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்கு உண்டான பிரமிப்பைச் சொல்லாமல் விட முடியாது. பன்னிரண்டு தலைகள் வரிசையாக நிற்கும் மெஷின் அது. பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதில் ஒரு ஃப்ளாப்பியைச் செருகிப் பொத்தானை அமுக்கினால், பன்னிரண்டு பனியன்களின் நெஞ்சில் ஒரே நேரத்தில் ஒரே சிங்கம் பிடரியைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்து வரும். சிங்கம் எங்கே இருக்கிறது என்று நான் அந்த ஃப்ளாப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். சக ஆபரேட்டர்கள் அதைச் சொல்லிச் சொல்லியே பல நாள் சிரித்தார்கள்.

சிரித்தால் சிரிக்கட்டும் என்று மாலை வகுப்பில் சேர்ந்தேன். அங்கேதான் கணக்கு புரிந்தது. ஊசியின் ஒரு தையலுக்கு மூன்று பைட் போதும். வலது பக்கம் எவ்வளவு போக வேண்டும், மேலே எவ்வளவு ஏற வேண்டும், நூலின் நிறத்தை மாற்ற வேண்டுமா, எல்லாம் அந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். பத்தாயிரம் தையல் உள்ள சிங்கம் முப்பது கிலோபைட். ஒரு ஃப்ளாப்பியில் அப்படி நாற்பது சிங்கங்கள் படுத்துக் கிடக்கலாம். எட்டு பிட் ஒரு பைட், ஆயிரத்து இருபத்து நாலு பைட் ஒரு கிலோபைட், ஆயிரத்து இருபத்து நாலு கிலோபைட் ஒரு மெகாபைட் என்று வாத்தியார் கரும்பலகையில் எழுதிப் போட்டார். ஏன் ஆயிரமாக இல்லாமல் இருபத்து நாலு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அன்றைக்குக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. சிங்கம் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் இருந்தேன்.

இனி எங்கள் மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் பொன்னுசாமி. காங்கேயம் பக்கம் ஒரு அரிசி மில்லில் எடை போடுகிறவராகத் தொடங்கி, திருப்பூருக்கு வந்து எங்கள் கம்பெனியின் சரக்குப் போக்குவரத்து முழுவதையும் தன் கைக்குள் வைத்திருந்தவர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. சின்னவர்கள் எல்லோரும் அவருக்குக் ‘கண்ணு’. கோபம் வந்தால் மட்டும் அந்தக் கண்ணு காணாமல் போய், ‘ஏனுங்க, உக்காருங்க’ என்று மரியாதை கூடிவிடும். அந்த மரியாதைக்குத்தான் நாங்கள் நடுங்குவோம்.

அவருடைய உலகத்தில் தராசு ஒன்றுதான் நீதிபதி. பின்னிய துணி சாயப்பட்டறைக்குப் போகும்போது ஒவ்வொரு ரோலையும் நிறுத்துத்தான் லாரியில் ஏற்றுவார். திரும்பி வரும்போது மறுபடி நிறுப்பார். நிறுப்பதற்கு முன் இருபது கிலோ படிக்கல்லைத் தராசில் வைத்து, காட்டுவது சரிதானா என்று பார்ப்பார். பிறகு ரோலின் நடுவில் கையை விட்டு, ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவுவார். ஈரம் இருந்தால் எடை பொய் சொல்லும். சாயம் போட்டு வரும் துணியில் நூற்றுக்கு ஏழு கிலோ போலக் குறையும். நூலில் இருக்கும் எண்ணெயும் மெழுகும் தூசியும் கழுவிப் போவதால் வரும் குறைச்சல் அது. தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்டது. அதற்கு மேல் ஒரு கிலோ குறைந்தாலும் பட்டறைக்காரர் வந்து உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். பட்டறையின் எடைச் சீட்டை அவர் ஏறிட்டும் பார்க்க மாட்டார். போவதும் வருவதும் ஒரே தராசில் நிற்க வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

அப்படிப்பட்டவருக்கு என் ஃப்ளாப்பிகள் பெரிய தலைவலி. அவையும் கேட்டைத் தாண்டி வெளியே போய் வருகிற சரக்குதானே? ஒருநாள் துணியின் கனம் பார்க்கும் மேஜைக்கு என்னைக் கூப்பிட்டார். அங்கே ஒரு வட்டக் கத்தி இருக்கும். துணியை ரப்பர் பலகையின் மேல் வைத்து, கத்தியை அழுத்தித் திருகினால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டத் துண்டு வெட்டுப்படும். அதைச் சின்ன எலெக்ட்ரானிக் தராசில் வைத்தால் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை கிராம் காட்டும். மூச்சு விட்டாலே ஆடும் தராசு அது.

மேனேஜர் ஒரு காலி ஃப்ளாப்பியை அதில் வைத்து எடையைப் பார்த்துக்கொண்டார். பிறகு அதை என்னிடம் கொடுத்து, இடம் தீரும் வரை டிசைன்களை ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்காததால் அடக்கிக்கொண்டு ஏற்றிக் கொண்டுவந்தேன். மேலே ஓடிய ஃபேனை நிறுத்தச் சொன்னார். ஃப்ளாப்பியைத் துணியால் துடைத்துத் தராசில் வைத்தார். முன்பு காட்டிய அதே எடை. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அதே எடை. நாற்பது சிங்கம், மயில், கப்பல், ரோஜாப்பூ எல்லாம் ஏறிய பிறகும் ஒரு இழை கனம் கூடவில்லை.

என் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. அறிந்த விஷயம்தான், ஆனால் அந்தத் தராசில் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. மேனேஜர் அதைவிட அதிகமாக அசந்து போயிருந்தார்.

“எடையே இல்லாத சரக்க நான் எப்படிங் தம்பி காவக் காக்கறது?” என்றார்.

அவருக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். எடை இல்லாவிட்டால் என்ன, இதில் கழிவும் இல்லை, எத்தனை பைட் போகிறதோ அத்தனை பைட் ஒன்று குறையாமல் திரும்பி வரும், ஈரம் தூசி என்று எந்தச் சாக்கும் கிடையாது என்றேன். துளிகூடப் போகாதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். போகாது என்றேன். உலகத்தில் அப்படியும் ஒரு சரக்கு உண்டா என்று வியந்து, சாயப்பட்டறைக்காரர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக் காட்டினார். அவர்கள் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

காலம் ஓடியது. கம்பெனி பிரிண்டிங்கில் இறங்கியது. துணி முழுக்கப் பூவும் இலையுமாக ஓடும் டிசைன்களுக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக ஸ்கிரீன், அதாவது அச்சுத் திரை, செதுக்க வேண்டும். அதற்கான ஃபைல்கள் கிலோபைட் சிங்கங்கள் அல்ல. ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான மெகாபைட் விழுங்கும் யானைகள். அன்றைய இணையத்தில் அவற்றை அனுப்ப உட்கார்ந்தால் பனியன் சீசன் முடிந்து ஸ்வெட்டர் சீசன் வந்துவிடும். ஆகவே கம்பெனி ஒரே மாதிரி இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கியது. இரண்டின் மேலும் 500 ஜிபி என்று போட்டிருந்தது. ஒன்றைப் பீரோவில் பூட்டிவிட்டு, இன்னொன்றில் டிசைன்களை ஏற்றி வீரபாண்டியில் இருந்த ஸ்கிரீன் யூனிட்டுக்கு அனுப்பத் தொடங்கினோம்.

முதல் தடவை அதைக் கொண்டு போனவள் செலின். டிசைன் அறையில் என் உதவியாளர். திசையன்விளைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா எங்கள் கம்பெனியிலேயே நிட்டிங் மெஷின் ஓட்டினார், அம்மா செக்கிங்கில் இருந்தார். நிறங்களைப் பிரிப்பதில் செலினுக்கு இருந்த கண் எனக்குக் கிடையாது. அன்று கம்பெனி வேன் பெருந்துறை போயிருந்ததால், டிஸ்க்கைப் பையில் வைத்து ஆட்டோவில் போய், அங்கேயே காத்திருந்து வாங்கிக்கொண்டு வந்தாள். கேட்டில் வாட்ச்மேன், டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்ததைப் பார்த்து 500 ஜிபி என்று பாஸில் எழுதி அனுப்பியிருந்தார்.

மறுநாள் காலை அந்த டிஸ்க்கை மேனேஜர் தானே கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். அளவு பார்ப்பது எப்படி என்று நான்தான் அவருக்குக் கற்றுக் கொடுத்திருந்தேன். அதில் 465 ஜிபி என்று வந்தது.

அந்தச் சீசனில் எங்களை எந்தப் பயம் ஆட்டியது என்று இங்கே சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒரு கம்பெனியின் பிரிண்ட் டிசைன் வெளியே கசிந்து, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் கையைக் கழுவிவிட்டுப் போயிருந்தார். டிசைன் கசிந்த இடத்தில் வேலை பார்த்தவன் என்ற பேச்சு வந்தாலே வேறு எந்தக் கம்பெனியும் சேர்க்காது. திருப்பூர் பெரிய ஊர்தான். ஆனால் கெட்ட பெயர் டீக்கடைக்கு டீக்கடை நடந்து, ஆள் போய்ச் சேரும் முன்பே போய்ச் சேர்ந்துவிடும்.

எங்கள் இருவரையும் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். உள்ளே போனதும் செலினைப் பார்த்து, “ஏனுங்க, உக்காருங்க” என்றார். அது எந்த மரியாதை என்று எனக்குத் தெரியும். செலினுக்கும் புரிந்துவிட்டது. அவள் உட்காரவில்லை.

“ஐந்நூறு போயிருக்குதுங்க. நானூத்தி அறுவத்தஞ்சு வந்திருக்குதுங்க. ஒண்ணு, டிஸ்க்கு மாறியிருக்கோணும். இல்லாட்டி உள்ள இருந்து போயிருக்கோணும். எதுன்னு நீங்கதானுங்க சொல்லோணும்.”

“ஆட்டோல பைய மடிய விட்டு எறக்கவே இல்ல சார்” என்றாள் செலின். “அங்கன சாப்பிடக்கூட எந்திரிச்சுப் போவல.”

நான் குறுக்கே விழுந்து, ஃபார்மேட் செய்யும்போது கொஞ்சம் போகும் என்றேன். டிசைன் அறைகளில் அப்போது எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த சமாதானம் அது. 1.44 என்று போட்ட ஃப்ளாப்பியும் கம்ப்யூட்டரில் 1.38 என்றுதானே காட்டியது என்று எடுத்துக்காட்டு வேறு கொடுத்தேன். மேனேஜர் கால்குலேட்டரைத் தட்டினார். ஃப்ளாப்பியில் நூற்றுக்கு நாலு போயிருந்தது. இதில் நூற்றுக்கு ஏழு. ஒரு லாட்டுக்கு நாலும் அடுத்த லாட்டுக்கு ஏழும் எடுக்கிற பட்டறைக்காரரை அவர் சும்மா விட்டதில்லை.

“துணின்னா ஏழு பர்சென்ட் போகுமுங்க. எண்ணெ போகும், மெழுகு போகும். அத நான் கேக்கறதே இல்லீங்க” என்றார். “இதுல போறதுக்கு என்னங் தம்பி இருக்குது? துளி கொறையாம வருமுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க.”

அன்று தராசின் முன்னால் பெருமையாகக் கொடுத்த வாக்கு இப்போது செலினின் கழுத்தில் வந்து விழுந்திருந்தது. ஃபைல்கள் எல்லாம் இருக்கின்றன என்று ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து காட்டினேன். அது இருக்கட்டும், அளவு குறைகிறதே என்றார் அவர். முதலாளி சாயங்காலம் ஊரிலிருந்து வருகிறார், அவரிடம் சொல்லியாக வேண்டும், சொன்ன பிறகு தன் கையில் எதுவும் இல்லை என்றார். அதை வருத்தத்தோடுதான் சொன்னார். செலின் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டு தரையையே பார்த்தாள். அவள் போனால் அவளுடைய அப்பாவும் அந்த மெஷின் முன்னால் நிமிர்ந்து நிற்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் வெளியே லாரி வந்து நின்றது. சாயப்பட்டறையிலிருந்து வந்த சரக்கு. தலை போகிற விஷயமானாலும் சரக்கு வந்தால் மேனேஜர் எழுந்து போய்விடுவார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். படிக்கல்லைத் தூக்கித் தராசில் வைக்கச் சொன்னார். பட்டறை ஆள் நீட்டிய சீட்டை வழக்கம்போல் பார்க்காமலே மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். முதல் ரோலின் நடுவில் கையை விட்டார். விட்ட கை அப்படியே நின்றது. கையை உருவிக்கொண்டு, ரோலை நிறுக்காமலே திரும்பி எங்களிடம் நடந்து வந்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

“தம்பி, அந்த ஐந்நூற நிறுத்தது யாரு?”

எனக்கு உடனே புரியவில்லை. பெட்டியில் போட்டிருக்கிறது, அதைப் பார்த்து வாட்ச்மேன் எழுதினார் என்றேன்.

“பெட்டில போட்டிருக்கறத நம்பி நான் என்னிக்காச்சும் நூல் எறக்கியிருக்கறனுங்களா?” என்றார். “போனது அவன் தராசு. வந்தது நம்ம தராசு. நான் போயி ரெண்டையும் சேத்து வெச்சுப் பேசிட்டனே.”

பீரோவைத் திறந்தோம். ஒரே நாளில் வாங்கிய இரண்டாவது டிஸ்க், பிரிக்காத பெட்டியில் அப்படியே இருந்தது. துணி வெட்டும் கத்தரியால் ஒட்டுத்தாளை வெட்டினேன். மாட்டினேன். யாரும் தொடாத, எங்கேயும் போகாத, உள்ளே ஒன்றுமே இல்லாத அந்தப் புது டிஸ்க்கும் 465 ஜிபி என்றே காட்டியது.

செலின் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். சத்தமில்லாமல் அழுதாள். எனக்கும் கண்ணில் நீர் முட்டியது. மேனேஜர் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இவள் எடுக்கவில்லை என்று தெரிந்துவிட்டது, அப்படியானால் அந்த முப்பத்தைந்து எங்கே போனது என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

திரையில் அளவைக் காட்டும் அதே இடத்தில் பைட் கணக்கும் இருக்கும். நான் அதுவரை அந்த வரியைக் கவனித்துப் படித்ததே இல்லை. 500105216000 என்று இருந்தது. மேனேஜர் நம் முறையில் சொல்லச் சொன்னார். ஐம்பதாயிரத்துப் பத்துக் கோடியே ஐம்பத்திரண்டு லட்சத்துப் பதினாறாயிரம் என்று படித்தேன். படித்துவிட்டு நானே அசந்து போனேன். கைக்குள் அடங்கும் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் ஐம்பதாயிரம் கோடிக்கு மேல் இடங்கள். சிங்கத்தின் தையல் கணக்கில் பார்த்தால் உலகத்தில் உள்ள அத்தனை பனியன்களிலும் ஆளுக்கொரு பூப்போடலாம் போலிருந்தது.

“அப்ப ஐந்நூறும் இருக்குதுங்களே” என்றார் மேனேஜர். ஆமாம், ஐந்நூறோடு ஒன்பது சைபர் சேர்த்தால் வருவதைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது. பெட்டிக்காரன் பொய் சொல்லவில்லை. அவன் ஆயிரம் ஆயிரமாக எண்ணியிருக்கிறான். மாலை வகுப்புக் கரும்பலகை அந்தக் கணத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

மேனேஜரின் கால்குலேட்டர் பன்னிரண்டு இலக்கம் கொள்ளும். இந்த எண்ணும் சரியாகப் பன்னிரண்டு இலக்கம். அதில் அடித்து ஆயிரத்து இருபத்து நாலால் வகுத்தேன். நாற்பத்தெட்டுக் கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்து நாலாயிரம் கிலோபைட் வந்தது. பிசிறே இல்லை. மறுபடி வகுத்தேன். நாலு லட்சத்து எழுபத்தாறாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழரை மெகாபைட். மூன்றாம் தடவை நான் வகுக்கவில்லை. கால்குலேட்டரை அவரிடமே கொடுத்தேன். ஒற்றை விரலால் ஒவ்வொரு எண்ணாக அமுக்கினார். 465.759 என்று தொடங்கித் திரை நிறைய எண்கள் வந்து நின்றன.

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு பைட்கூடக் காணாமல் போகவில்லை. பெட்டிக்காரன் ஆயிரத்துக்கு ஒரு கட்டு என்று கட்டினான், நம் கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்து நாலுக்கு ஒரு கட்டு என்று கட்டியிருக்கிறது. கட்டு பெரிதானால் எண்ணிக்கை குறையத்தானே செய்யும். கிலோபைட் என்ற முதல் படியில் நூற்றுக்கு இரண்டே கால் போலக் குறைகிறது, மெகாபைட்டில் நாலரை, ஜிகாபைட்டில் ஏழு. பின்னாளில் டெராபைட் வந்தபோது ஒன்பதாகிவிட்டது. ஃப்ளாப்பியில் மட்டும் ஏன் நாலு என்பதையும் பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். அந்த 1.44 ஒரு தடவை ஆயிரத்தாலும் ஒரு தடவை ஆயிரத்து இருபத்து நாலாலும் வகுத்த கலப்படக் கணக்கு. மீதிக் கொஞ்சம் நிஜமாகவே ஃபார்மேட்டில் போனது. என் சமாதானம் முழுப் பொய் இல்லை என்பதில் எனக்கு ஒரு அற்ப திருப்தி.

அது என்ன இருபத்து நாலு என்று மேனேஜர் கேட்டார். கம்ப்யூட்டருக்கு உண்டு, இல்லை என்ற இரண்டுதான் தெரியும், அதனால் அது எண்ணுவதெல்லாம் இரட்டிப்பில்தான் என்றேன். அவர் மேஜையில் கிடந்த சாம்பிள் துணியை எடுத்து மடித்தார். இரண்டு. மறுபடி மடித்தார். நாலு. பிறகு எட்டு, பதினாறு. ஐந்தாவது மடிப்பில் முப்பத்திரண்டு அடுக்காகி, கைக்குள் செங்கல் மாதிரி நின்றது. அதற்கு மேல் மடிய மறுத்தது.

“இன்னும் அஞ்சு மடிப்பு மடிச்சா ஆயிரத்தி இருவத்தி நாலுங்களா?” என்றார். ஆமாம் என்றேன். விரலால் அந்த அடுக்கின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். கோயில் கர்ப்பக்கிருகத்தின் முன்னால் நிற்பவர் முகம் போல இருந்தது அவர் முகம். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. எனக்குமே அன்றுதான் அந்த இருபத்து நாலு ஒட்டிக்கொண்ட எண் இல்லை, அதுவாகவே அங்கே போய்ச் சேர்ந்தது என்று உறைத்தது.

அதோடு அவர் விட்டிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஒன்று கேட்டார். இந்தப் புள்ள எடுத்திருந்தா கொறஞ்சிருக்குமுங்களா, என்று. நான் உண்மையைச் சொன்னேன். எடுத்திருந்தால் காப்பிதான் எடுத்திருப்பாள், காப்பி எடுத்தால் ஒரு பைட்கூடக் குறையாது, எல்லாம் இருந்தபடியே இருக்கும், எந்தத் தராசிலும் தெரியாது. குறைந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் நாம் அவளைச் சந்தேகப்பட்டோம், திருடியிருந்தால் குறைந்தே இருக்காது.

வாழ்நாள் முழுவதும் தராசை நம்பிய மனிதர் அவர். அவர் முகத்தில் அப்போது வந்தது பிரமிப்பா, பயமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மடித்த துணியை மெதுவாகப் பிரித்து மேஜையில் பரப்பினார்.

“அப்ப இதுக்குத் தராசு ஆகாதுங் தம்பி” என்றார். “ஆளத்தான் பாக்கோணும்.”

செலின் அதன் பிறகும் அங்கேயே இருந்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலி அவளுக்குத்தான் போனது. பாஸில் இரண்டு கட்டம் அச்சடித்தது அந்த வாரமே. பெட்டியில் என்ன போட்டிருக்கிறது என்பதற்கு ஒன்று, நாமே நிறுத்தது இன்னொன்று. போன் செய்த பெண்ணுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். ஆனால் அன்று மத்தியானம் நடந்ததையும் சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

சாப்பாடு முடிந்த நேரம். ஒரு டிசைனில் இலைப் பச்சைக்கு ஸ்கிரீன் மாற்ற வேண்டியிருந்ததால் டிஸ்க் மறுபடி வீரபாண்டிக்குப் போக வேண்டும். பெருந்துறை போன வேன் திரும்பி வந்து வாசலில் நின்றது, டிரைவரும் சும்மாதான் இருந்தார். மேனேஜர் டிரைவரைக் கூப்பிடவில்லை. டிசைன் அறைக்குத் தானே நடந்து வந்தார். அங்கே அவர் வருவது அபூர்வம். எல்லோரும் எழுந்து நின்றார்கள். காலையில் அழைத்துப் பேசியது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அத்தனை பேர் முன்னாலும் அந்த டிஸ்க்கை செலினிடம் நீட்டினார்.

“கண்ணு, நீயே கொண்டு போயிட்டு வா சாமி” என்றார். வேன் உன்னை அங்கே விட்டுவிட்டு, நீ முடித்ததும் கூட்டி வரும் என்றார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான்.

செலின் கையை நீட்டவில்லை. கண் இன்னும் சிவந்தே இருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

“நிறுத்துக் குடுங்க சார்” என்றாள்.

மேனேஜர் தலையை ஆட்டிவிட்டு, என் நாற்காலியில் உட்கார்ந்து டிஸ்க்கைத் தானே மாட்டினார். மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு திரையருகே குனிந்தார். நான் உதவிக்குப் போனபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டார். பைட் கணக்கு வரியை, ஐந்து என்று ஆரம்பித்து, ஒவ்வொரு எண்ணாக, அறை முழுவதும் கேட்கும்படி உரக்கப் படித்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். செலின் அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். கடைசி மூன்று சைபரையும் அவர் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லவில்லை. சைபர், சைபர், சைபர் என்று தனித்தனியாகவே சொன்னார். அதற்குப் பிறகுதான் அவள் இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.